பிந்திப் பூக்கும் டேலிலியை வீட்டிலேயே உருவாக்க: ஐப்பசி மழைக்கு முன் விதை கைக்கு வரவேண்டும்

எங்கள் வீடு காந்தல்லூரில். மாவட்டம் இடுக்கி, மாநிலம் கேரளா. ஆனால் அஞ்சுநாட்டில் (மறையூர், காந்தல்லூர் பகுதி) வீட்டுக்குள் பேச்சு தமிழ்தான், பொருள் வாங்க இறங்குவது உடுமலைக்குத்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடத்தில் டேலிலி வைத்திருக்கிறேன். எல்லாம் பங்குனிக் கடைசியில் தொடங்கி வைகாசியில் முடிந்துவிடும். அதன் பிறகு வெறும் இலை. ஆடி, ஆவணியில் பூக்கிற செடி வேண்டும் என்று நானே ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் வைத்துச் சேர்க்க ஆரம்பித்தேன். ஆறு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடத்தில் ஒரு நல்ல விதைகூடக் கிடைக்கவில்லை. செடியில் குறை இல்லை, நான் செய்த வரிசைதான் தவறு. புதிதாகத் தொடங்குகிற நீங்கள் அந்த மூன்று வருடத்தை இழக்க வேண்டாம்.

மறையூர்ப் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை மூணாறு பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு இங்கே சாரலாகத்தான் வரும். எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். இந்தக் கட்டுரையின் கணக்கு முழுவதும் அந்த மழையை வைத்துத்தான். உங்கள் ஊர் கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் ஆனி, ஆடியே கடும் மழை; அங்கே தேதிகளை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

1. கையில் இருப்பது டேலிலிதானா, அது காய்க்குமா என்று பாருங்கள்

நர்சரியில் 'லில்லி' என்று கேட்டால் மழை லில்லி, அமரிலிஸ் என எது வேண்டுமானாலும் கொடுப்பார்கள். எனக்கு முதலில் டேலிலி என்று விற்றது அமரிலிஸ் கிழங்கு. அடையாளம் எளிது: டேலிலிக்கு வெங்காயம் போன்ற கிழங்கு கிடையாது. தண்ணீர்விட்டான் கிழங்கு போலத் தடித்த வேர்கள் கொத்தாக இருக்கும். இலைகள் விசிறி மாதிரி இரண்டு பக்கமும் அடுக்கி வரும். ஒரு பூ ஒரே நாள். மறுநாள் காலை வாடிவிடும். ஒரு பூந்தண்டில் பத்து, இருபது மொட்டு இருப்பதால்தான் செடி வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்த சிக்கல்தான் என் இரண்டு வருடத்தை விழுங்கியது. மலைப் பகுதி வீட்டு வேலியோரங்களில் செம்மஞ்சள் நிறத்தில் தழைத்து நிற்கிற பழைய டேலிலி பெரும்பாலும் மும்மடியம். சாதாரணச் செடிக்கு, அதாவது இருமடியத்துக்கு, 22 குரோமோசோம், நான்மடியச் செடிக்கு 44, இதற்கு 33. ஒற்றைப்படை என்பதால் சரிபாதியாகப் பிரிய முடியாது. எத்தனை முறை மகரந்தம் வைத்தாலும் காய் பிடிக்காது. அடுக்கு இதழ் உள்ள செம்மஞ்சள் வகையும் அப்படியே. நான் காலை ஏழு மணிக்கு எழுந்து இந்தச் செடிக்கு நூற்றுக்கணக்கான பூவில் மகரந்தம் வைத்திருக்கிறேன். ஒரு காய்கூட நிற்கவில்லை. வேலிக்கு அழகான செடி, தாயாக வைக்க மட்டும் வேண்டாம்.

வீட்டில் பூனை இருந்தால் இப்போதே யோசியுங்கள். டேலிலியின் இலை, பூ, மகரந்தம் எதைத் தின்றாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகலாம். பூ ஜாடியில் வைக்கிற தண்ணீர்கூட ஆபத்து. நான் பாத்தியைச் சுற்றி வலை கட்டிய பிறகுதான் செடிகளைக் கூட்டினேன்.

2. ஒரு வருடம் நோட்டுப் போடுங்கள்

இது பொறுமையைச் சோதிக்கும். ஆனால் இதைத் தாண்டி எதுவும் நடக்காது.

வெளிநாட்டுப் பட்டியல்களில் டேலிலியை மிக முந்தி, முந்தி, நடு, பிந்தி, மிகப் பிந்தி என்று பிரித்திருப்பார்கள். அந்தப் பிரிவு, பனி கொட்டுகிற குளிர்காலம் முடிந்து வசந்தம் வரும் ஊருக்கானது. நம் மலையில் செடி முழுதாக உறங்குவதே இல்லை. அங்கே 'பிந்தி' என்று போட்ட ஒன்று என்னிடம் வைகாசியில் பூத்தது. 'நடு' என்று போட்ட ஒன்று ஆடி பிறந்தும் மொட்டோடு நின்றது. ஆகவே பட்டியலை வைத்துப் பெற்றோரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் மண்ணில் எது பிந்துகிறது என்பதை உங்கள் நோட்டு மட்டும்தான் சொல்லும்.

ஒவ்வொரு செடிக்கும் மூன்று தேதி எழுதுங்கள்: தண்டு எட்டிப் பார்த்த நாள், முதல் பூ, கடைசிப் பூ. அதோடு மொட்டு எண்ணிக்கை. இவ்வளவு போதும்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. முந்திப் பூத்த செடி இரண்டாம் தடவையாகத் தண்டு விட்டால், பார்க்கிறவருக்கு அது பிந்திப் பூக்கும் செடி போலத் தெரியும். அது மறுபூப்பு, நல்ல குணம்தான், ஆனால் வேறு குணம். உண்மையாகப் பிந்துகிற செடிக்கு அந்த வருடத்தின் முதல் தண்டே பிந்தித்தான் வரும். புதிதாக நட்ட செடி, தூர் பிரித்த செடி, தண்ணீர் போதாமல் வாடிய செடி இவையும் அந்த வருடம் மட்டும் தாமதமாகப் பூக்கும். இரண்டாம் வருடமும் அதே நேரத்தில் பூத்தால்தான் நான் 'பிந்தி' என்று எழுதுகிறேன்.

3. பெற்றோர் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

கேள்வி இரண்டுதான். இருமடியமா நான்மடியமா? பசுமை மாறாததா, குளிரில் உறங்குவதா?

இருமடியத்தையும் நான்மடியத்தையும் சேர்த்தால் விதை கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிகப் பிந்திப் பூப்பதில் பெயர் பெற்ற இரண்டு வகையைச் சொல்கிறேன். 'ஆட்டம் மினாரெட்' ஐந்தடிக்கு மேல் வளரும், 1951-இல் ஸ்டவுட் உருவாக்கியது, இருமடியம். 'சாண்ட்ரா எலிசபெத்' 1983-இல் வந்த மஞ்சள், நான்மடியம். இரண்டையும் தேடிப்பிடித்து வாங்கி ஒன்றோடு ஒன்று சேர்க்கலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். முதலிலேயே ஒரு பக்கத்தை முடிவு செய்யுங்கள். புதியவருக்கு இருமடியம்தான் என் பரிந்துரை; காயும் எளிதில் பிடிக்கும், ஒரு காயில் விதையும் கூடுதலாக வரும். இருமடியத்தை நான்மடியமாக்கக் கோல்சிசின் என்ற மருந்து பயன்படுகிறது. அது கொடிய நஞ்சு. வீட்டில் அதைத் தொடவே வேண்டாம்.

பிந்திப் பூக்கும் வகைகளில் பல, குளிரில் இலை உதிர்த்து உறங்குபவை. நம் ஊரில் மார்கழி, தை இரவுக் குளிர் அவற்றுக்குப் போதாமல் வருடத்துக்கு வருடம் மெலியலாம். என் வழி இது: உறங்கும் வகை தந்தையாக, பசுமை மாறாத நம் ஊர்ச் செடி தாயாக. தந்தைச் செடி மெலிந்து போனாலும் அதன் மகரந்தம் ஒரு வருடம் கிடைத்தால் போதும்.

செலவு: பெயர் தெரியாத தூர் 100, 150 ரூபாய்க்குக் கிடைத்தது. பெயர் எழுதிய கன்றுக்கு 400 முதல் 900 வரை கொடுத்திருக்கிறேன். பார்சலை ஐப்பசி, கார்த்திகையில் வரவழைக்காதீர்கள். ஈரத்தில் வேர் அழுகிப் போகும். மாசி நல்ல மாதம். உடுமலையிலிருந்து சின்னார் வழியாகச் செடி கொண்டு வந்தால் கடை பில் கையில் இருக்கட்டும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் 'இது எங்கே எடுத்தது' என்று கேட்டால் காட்டிவிட்டு நகரலாம்.

எந்தச் செடி வந்தாலும் 40 நாள் தனியாக வையுங்கள். இலையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். செம்மஞ்சள் பொடி ஒட்டினால் அது துரு நோய். உறைபனி விழாத ஊரில் பசுமை மாறாத இலையிலேயே அது வருடம் முழுவதும் தங்கும். அந்தச் செடியைப் பாத்தியில் சேர்க்காதீர்கள்.

4. வெளிநாட்டு விதை: காகிதம் முதலில், காசு பிறகு

வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் "சின்ன உறைதானே, தபாலில் போட்டுவிடுகிறேன்" என்றார். நான் பணம் கட்டினேன். உறை நிறுத்தப்பட்டது, விதை எனக்கு வரவேயில்லை. நிறுத்தியது சரிதான், தவறு என்னுடையதும் அவருடையதும்.

2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, விதைக்கும் நோக்கத்தில் கொண்டுவரும் விதைக்கும் கன்றுக்கும் இரண்டு காகிதம் வேண்டும்:

இறக்குமதி அனுமதி. இது வாங்குகிற உங்கள் பெயரில், சரக்கு கிளம்பும் முன்பே எடுக்க வேண்டியது. மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு இயக்ககத்தின் இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். அடையாள அட்டை, முகவரிச் சான்று, தாவரத்தின் அறிவியல் பெயர் (டேலிலிக்கு ஹெமரோகாலிஸ்), அளவு, எந்த நாட்டிலிருந்து, எந்த நுழைவிடம் வழியாக என்ற விவரங்களைத் தயாராக வையுங்கள். நமக்கு வசதி சென்னை அல்லது கொச்சி. இரண்டு இடத்திலும் தொற்றுத்தடுப்பு நிலையம் உண்டு. கட்டணத்தை விண்ணப்பிக்கும் நாளில் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தாவர நலச் சான்று. இது அனுப்புகிற நாட்டின் அரசு கொடுப்பது. அமெரிக்கா என்றால் அங்கத்திய வேளாண் துறை. விற்பனையாளர் எழுதிக் கொடுக்கிற கடிதம் செல்லாது. பத்து விதைக்கும் ஆயிரம் விதைக்கும் இதே சான்றுதான். விதையின் விலையைவிடச் சான்றின் செலவு கூடிவிடும்.

ஆணையின் பட்டியலில் அந்தத் தாவரமும் அந்த நாடும் இல்லையென்றால் பூச்சி, நோய் ஆபத்து ஆய்வு முடியாமல் அனுமதி கிடைக்காது. மண் ஒட்டிய வேர் வரவே கூடாது. இத்தனையும் பார்த்தால், தனி ஆளுக்கு முதல் ஐந்து வருடத்துக்கு இறக்குமதி தேவையே இல்லை என்பதுதான் என் கருத்து. இந்தியாவுக்குள் கிடைக்கும் பத்து நல்ல செடியிலிருந்தே நூறு விதமான நாற்று எடுக்கலாம்.

5. மகரந்தத்தைச் சேமிக்கப் பழகுங்கள்

உங்களிடம் பிந்துகிற செடிகள் இரண்டு இருந்தாலும் அவை ஒரே நாளில் பூக்கும் என்று நம்ப முடியாது. ஒன்று ஆனியில், ஒன்று புரட்டாசியில் என்றால் எப்படிச் சேர்ப்பது? மகரந்தத்தைச் சேமித்துத்தான்.

காலை பூ விரிந்து, மகரந்தப்பை வெடித்துப் பொடி தெரியும் நேரத்தில் இடுக்கியால் பையோடு கிள்ளி எடுங்கள். பனி ஈரம் பட்டிருந்தால் வேண்டாம். வெள்ளைக் காகிதத்தில் ஒரு இரவு நிழலில் உலர்த்தி, சிறு காகிதப் பொட்டலமாக மடித்து, பெயரும் தேதியும் எழுதி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இறுக்க மூடி ஃப்ரீசரில் வையுங்கள். அடுத்த வருடப் பூவுக்குத் தாங்கும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு என்றால் சில வாரம்.

என் மகரந்தம் இரண்டு தடவை வீணானது கரண்ட் போனதால். மழைக்காலத்தில் இங்கே மரம் விழுந்து கம்பி அறுந்தால் ஒன்றிரண்டு நாள் இருட்டுதான். உருகுவதால் மட்டும் கெடுதல் இல்லை. உருகும்போது டப்பாவுக்குள் நீர் கோத்துக்கொள்கிறது, அதுதான் கொல்கிறது. இப்போது டப்பாவுக்குள் டப்பா, இரண்டிலும் சிலிக்கா ஜெல். ஒரே செடியின் மகரந்தத்தை ஐந்தாறு பொட்டலமாகப் பிரித்து, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் வெளியே எடுக்கிறேன். எடுத்ததைத் திரும்ப உள்ளே வைப்பதில்லை.

இடுக்கி, நூல், டேக், சிலிக்கா ஜெல், டப்பா எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடியும்.

6. சேர்ப்பது: எந்த நாள் வரை?

வேலை இரண்டு நிமிடம். பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன்பு, எனக்கு எட்டிலிருந்து பத்து மணி, பூவிலிருந்து நீண்டு வளைந்திருக்கும் சூல்தண்டின் நுனியில் மகரந்தத்தைத் தொட்டு வையுங்கள். முப்பது டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறிவிட்டால் காய் பிடிப்பது குறையும். பிறகு பூவின் காம்பில் டேக். எப்போதும் தாய் முதலில், தந்தை பிறகு என்று எழுதுங்கள். ஒரு தடவை மாற்றி எழுதினால் எல்லாமே குழப்பம். மார்க்கர் பேனா மழையிலும் வெயிலிலும் வெளுத்துவிடும், பென்சில் நிற்கும். நாலு மணி நேரம் மழை வராமல் இருந்தால் நல்லது. சாரல் என்றால் அலுமினியத் தாளைச் சிறு தொப்பி போல நுனியில் செருகுகிறேன்.

சரி, தேதிக்கு வருவோம். மகரந்தம் வைத்ததிலிருந்து காய் பழுத்து வெடிக்க 45 முதல் 60 நாள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். பழுத்துக்கொண்டிருக்கும் காயில் அடைமழை பிடித்தால் உள்ளேயே பூஞ்சை ஏறும், அல்லது காயிலேயே விதை முளைவிடும். எனக்கு இரண்டுமே நடந்திருக்கிறது. அக்டோபர் 20-லிருந்து 60 நாள் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் 21, அதாவது ஆவணி முதல் வாரம். அதற்குப் பிறகு நிலத்தில் நிற்கும் செடியில் நான் காய் வைப்பதில்லை.

அப்படியானால் நாம் தேடுகிற, புரட்டாசியில் பூக்கிற, எல்லாவற்றிலும் பிந்தியவற்றை என்ன செய்வது? அவை தந்தையாக மட்டும். மகரந்தத்தை எடுத்து ஃப்ரீசரில் வைத்து, அடுத்த ஆடியில் பூக்கும் இன்னொரு பிந்திய செடியின் மேல் வையுங்கள். அவற்றையே தாயாக்கியே தீரவேண்டும் என்றால் பெரிய தொட்டியில் வளர்த்து, மழைக்கு ஓட்டுத் தாழ்வாரத்தின் கீழ் நகர்த்துங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்த வருடம்தான் எனக்கு முதன்முதலாக 60 நல்ல விதை கிடைத்தது.

பிந்தியதோடு முந்தியதைச் சேர்த்தால் என் பாத்தியில் பெரும்பாலும் நடுவில் பூக்கிற நாற்றுகள்தான் வந்தன. பிந்தியதோடு பிந்தியதைச் சேருங்கள். நிறம் நன்றாக இருக்கிறது என்பதற்காக முந்திய செடி ஒன்றைக் கலந்தே ஆகவேண்டும் என்றால், அதன் நாற்றுகளை மீண்டும் பிந்திய பெற்றோரோடு சேர்க்க இன்னும் இரண்டு மூன்று வருடத்துக்குத் தயாராக இருங்கள்.

7. காய், விதை, நாற்று

காய் பழுப்பாகி நுனியில் கீறல் விட்ட அன்றே பறியுங்கள். குரங்கு வரும் ஊர் என்றால் காயை வலைப்பையில் கட்டிவிடுங்கள். பளபளக்கும் கருப்பு விதைதான் நல்லது. வெளுத்தது, அமுக்கினால் நசுங்குவது வீண். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, லேசாக ஈரமான தேங்காய் நார்த்தூளில் கலந்து, பிளாஸ்டிக் உறையில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் நான்கிலிருந்து ஆறு வாரம் வையுங்கள். உறங்கும் வகையின் ரத்தம் கலந்த விதைக்கு இது அவசியம். இல்லையென்றால் ஒன்று இன்று முளைக்கும், இன்னொன்று மூன்று மாதம் கழித்து.

மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியில் விதையுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழம், நீர் தேங்காத கலவை. தொட்டியில் ஒரு விரல் உயரம் வந்து ஐந்தாறு இலை விட்டதும் பாத்திக்கு மாற்றலாம். ஆறு மணி நேர வெயில், மக்கிய சாணம், ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரத்துக்குப் பக்கத்தில் நடாதீர்கள், நீரை அது குடித்துவிடும். மழைக்காலத்தில் உரம் கொடுத்தால் தண்டடி அழுகும். காட்டுப்பன்றிக்கு வேர் பிடிக்கும். கல் வரப்பும் வலையும் இல்லாமல் ஒரு நாற்றுகூட எனக்கு மிஞ்சியிருக்காது.

முதல் பூ இரண்டாம் வருடம் வரும், சிலது மூன்றாம் வருடம். முதல் பூவை வைத்துச் செடியைப் பிடுங்காதீர்கள், வைத்துக்கொள்ளவும் முடிவு செய்யாதீர்கள். நான் இரண்டாம் பூப்பருவத்தில்தான் தேதியைப் பார்த்து முடிவெடுக்கிறேன். 60 விதையில் 41 நாற்று. இரண்டு பருவம் தொடர்ந்து ஆவணியில் முதல் தண்டு விட்டவை 5. அதில் இரண்டுக்கு மொட்டு எட்டுக்கும் குறைவு, தண்டு காற்றுக்குச் சாய்கிறது. மிஞ்சியது மூன்று. மற்றவற்றை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். இடம் காலியாகாமல் அடுத்த விதைக்கு வழியில்லை.

8. பெயர் பதிவு

டேலிலிப் பெயர்களை உலக அளவில் பதிவது அமெரிக்க டேலிலிச் சங்கம். 1955 முதல் அந்தப் பொறுப்பு அவர்களிடம். இதுவரை 80,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பதிவாகியிருப்பதால், மனதில் வைத்திருக்கும் பெயரை முதலில் அவர்களின் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள். கட்டணம் டாலரில், அட்டை வழியாகக் கட்ட வேண்டும்.

இந்தப் பதிவால் பெயர் உங்களுடையதாகப் பதியுமே தவிர, செடிமேல் சட்ட உரிமை எதுவும் வராது. அந்த உரிமைக்கு 2001-ஆம் ஆண்டுத் தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம் தனி. வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவைப்படாது.

படிவத்தில் கேட்பவற்றை இப்போதே அளக்கத் தொடங்குங்கள்: தண்டின் உயரம், பூவின் விட்டம், மொட்டு எண்ணிக்கை, கிளை எண்ணிக்கை, இலை உறங்குமா உறங்காதா, எத்தனை மடியம், பருவம், மறுபூப்பு உண்டா, மணம், நிற விவரம், பெற்றோர் பெயர், படம். படத்தைக் காலை நிழலில் எடுங்கள். உச்சி வெயிலில் சிவப்பு எல்லாம் ஆரஞ்சாகத் தெரியும். பெற்றோரில் ஒன்று பெயர் தெரியாத நர்சரிச் செடி என்றால் 'தெரியாது' என்றே எழுதுங்கள், அது ஏற்கப்படும். அளவு எடுக்கும் தூர் குறைந்தது இரண்டு வருடம் பிரிக்காமல் நின்றதாக இருக்க வேண்டும். நண்பருக்குக் கொடுக்கப் பிரித்துவிட்டால் அந்த வருடத்துத் தேதியையும் உயரத்தையும் கணக்கில் சேர்க்காமல், அடுத்த ஆவணியில் புதிதாக அளந்து எழுதுங்கள்.